எஞ்சிய இறுகாத கான்கிரீட்டை மீண்டும் பயன்படுத்துதல்

வீட்டின் கூரைத்தளம் போட்டு முடிந்த மாலை வேளையில் வேலைத்தலத்தைச் சுற்றிப் பார்த்தால், கலவை இயந்திரத்தின் வாயிலும், தகரத்தின் மீதும், இரும்புச் சட்டிகளிலும் கான்கிரீட் சிறிது எஞ்சியிருப்பதைக் காணலாம். சென்ட்ரிங் பலகைகளுக்குள் இனி அதற்கு இடமில்லை. மறுநாள் வரை வைத்திருக்கவும் இயலாது. ஆகவே அது சாலையோரத்திலோ ஓடைக்கரையிலோ கொட்டப்படுகிறது. இயந்திரத்தைக் கழுவிய நீரும் அதே வழியில் செல்கிறது. மறுநாள் காலையில் அங்கே ஒரு பாறை கிடக்கும். அதில் அடங்கியிருக்கும் சிமென்ட், மணல், ஜல்லி, நீர் ஆகிய நான்கும் விலை கொடுத்து வாங்கப்பட்டவை என்பதை அப்போது எவரும் நினைப்பதில்லை.

இந்த மிச்சம் எவ்வளவு என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 60 சதுர மீட்டர் பரப்பும் 12 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு தளத்துக்கு 7.2 கன மீட்டர் கான்கிரீட் தேவை. இதில் நூற்றுக்கு 2 பங்கு மட்டுமே எஞ்சுவதாகக் கொண்டாலும் 0.144 கன மீட்டர் வீணாகும். கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோகிராம். ஆகையால் கொட்டப்படுவது ஏறத்தாழ 345 கிலோகிராம். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் செல்லும். இக்கணக்கின்படி, ஒரு சிறு வீட்டின் ஒரு நாள் வேலையில் ஒரு மூட்டைக்குச் சற்று அதிகமான சிமென்ட் மண்ணோடு போகிறது.

அகளியில் இதன் முக்கியத்துவம்

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்தது அட்டப்பாடி. அதன் நடுவிலுள்ள ஊர் அகளி. மேற்கே மன்னார்க்காட்டிலிருந்து வருவோர் மலைப்பாதையில் முக்காலி வழியாகவும், கிழக்கே கோயம்புத்தூரிலிருந்து வருவோர் ஆனைகட்டி வழியாகவும் இவ்வூரை அடைகின்றனர். இங்கே வீடு கட்டுவோருக்கு ஒவ்வொரு மூட்டை சிமென்ட்டும் மலையேறி வரவேண்டிய பொருள். பாலக்காடு மாவட்டத்திலேயே வாளையாற்றில் மலபார் சிமென்ட்ஸ் என்ற அரசுத் தொழிற்சாலை 1984ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. எனினும் தொழிற்சாலை எவ்வளவு அருகில் இருந்தாலும், மலைப்பாதையில் சுமைக்கூலி குறைவதில்லை. பெருஞ்சாலையிலிருந்து விலகிய இருளர், முதுகர், குறும்பர் ஊர்களுக்கு அதே மூட்டை மேலும் சிலமுறை ஏற்றி இறக்கப்பட வேண்டியுள்ளது.

இரண்டாவது காரணம் நீர். அட்டப்பாடியின் நீரெல்லாம் பவானியிலும், அதன் துணையாறுகளான சிறுவாணி, கொடுங்கரைப்பள்ளம் முதலியவற்றிலும் சேர்ந்து கிழக்கு நோக்கிச் சென்று, தமிழ்நாட்டில் காவிரியை அடைகிறது. இப்பகுதியின் கிழக்குப் பாகம் மழைமறைவு நிலம். அங்கே கோடையில் ஓடைகள் மெலிந்துவிடும். காடழிந்து மண் அரிக்கப்பட்ட இந்நிலத்தை மீட்பதற்காக, ஜப்பானிய நிதியுதவியுடன், அகளியைத் தலைமையிடமாகக் கொண்டு அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம் 1990களின் பிற்பகுதி முதல் பணியாற்றியது. மரம் நடுதல், தடுப்பணை அமைத்தல், வீடு கட்டுதல் ஆகியவை அப்பணியில் அடங்கியிருந்தன. இத்தனை முயற்சியுடன் காக்கப்படும் ஓடையில் சிமென்ட் கழுவிய நீரை விடுவது தகாது. மெலிந்து ஓடும் ஓடையில் சிறிதளவு கார நீர் கலந்தாலும் அதன் தீங்கு பெரிதாகும்.

கான்கிரீட் இறுகுவது எங்ஙனம்?

கான்கிரீட் காய்வதனால் இறுகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. கான்கிரீட் நீருக்கடியிலும் இறுகும். சிமென்ட்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகளும் கால்சியம் அலுமினேட்டும் நீருடன் ரசாயன முறையில் சேர்ந்து புதிய சேர்மங்களை உண்டாக்குகின்றன. இச்சேர்மங்களே மணலையும் ஜல்லியையும் பிணைக்கின்றன.

இம்மாற்றம் ஒரே சீராக நடைபெறுவதில்லை. நீர் பட்ட முதற் சில நிமிடங்களில் சிறிது வெப்பம் வெளிப்படும். அதன்பின் ஒரு மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை கலவை ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். இந்த உறக்க காலம் முடிந்ததும் மாற்றம் விரைவடைந்து, கலவை பிடிக்கத் தொடங்கும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டின் முதற்பிடிப்பு 30 நிமிடங்களுக்கு முன் நிகழக்கூடாது என்றும், இறுதிப்பிடிப்பு 600 நிமிடங்களுக்குள் நிகழ்ந்துவிட வேண்டும் என்றும் இந்தியத் தரநிர்ணயம் விதிக்கிறது. வெயில் மிகுந்தால் உறக்க காலம் குறுகும். குளிர்ந்த மழை நாளில் அது நீளும்.

பழைய சுண்ணாம்புக் காரையின் இயல்பு வேறு. 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை பயன்பட்டது. அவ்வகைக் கலவை மெதுவாகவே இறுகும். தூய சுண்ணாம்புச் சாந்தை ஈரத்துடன் மூடிவைத்து, மீண்டும் குழைத்துப் பயன்படுத்துவது கொத்தனார்களின் நெடுநாள் வழக்கம். அந்தப் பழக்கத்தை அப்படியே சிமென்ட்டுக்கும் கொண்டுவந்ததனால் நேர்ந்த தவறுகள் பல.

நீரூற்றி இளக்குதல் ஏன் கூடாது?

விறைக்கத் தொடங்கிய கான்கிரீட்டில் மேலும் நீர் ஊற்றிக் கிளறினால் அது மீண்டும் இளகியதுபோல் தோன்றும். கைக்கு எளிதாகவும் இருக்கும். ஆயின் அதன் வலிமை போய்விடுகிறது. கான்கிரீட்டின் வலிமையை நிர்ணயிப்பது, சிமென்ட்டின் எடைக்கும் நீரின் எடைக்கும் உள்ள விகிதமே என்பதை அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் 1918ஆம் ஆண்டு தம் பரிசோதனைகளால் விளக்கினார். ரசாயனச் சேர்க்கைக்குத் தேவையான அளவுக்கு மேற்பட்ட நீர், பின்னர் ஆவியாகி வெளியேறும்போது நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. அத்துளைகள் வழியே மழைநீர் உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருமன் கூடுவதால் மேற்பூச்சு வெடித்து உதிரும். நீரூற்றி இளக்கிய கலவையால் போட்ட தளம் முதல் நாளில் நல்ல தளத்தைப் போலவே காட்சியளிக்கும். சில மழைக்காலங்களுக்குப் பிறகே குறை வெளிப்படும். அப்போது அதன்கீழ் ஒரு குடும்பம் உறங்கிக்கொண்டிருக்கும்.

எனவே மிச்சத்தைப் பயன்படுத்துதல் என்பது, பழையதை நீரூற்றிப் புதியதாக்குவது அன்று. கலவை எந்த நிலையில் உள்ளது என்பதை அறிந்து, அந்நிலைக்கு ஏற்ற வேலையில் அதைச் சேர்ப்பதே ஆகும்.

பெரிய நிலையங்களில் கையாளப்படும் முறைகள்

கான்கிரீட்டை ஓரிடத்தில் தயாரித்து, சுழலும் உருளை பொருத்திய லாரிகளில் அனுப்பும் நிலையங்கள் இன்று பல நகரங்களில் உள்ளன. லாரியில் ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 கூறும் பொது விதி. பிடிப்பைத் தாமதப்படுத்தும் பொருள் சேர்த்திருந்தாலோ, குளிர்ந்த ஈரமான காலநிலையிலோ இதற்கு மேலும் நேரம் அனுமதிக்கப்படலாம். தேவைக்கு மிஞ்சியது லாரியிலேயே திரும்பி வருகிறது. அதை மீட்க மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, கழுவிப் பிரித்தல். திரும்பி வந்த கலவையை நீருடன் சேர்த்து ஒரு சுழல் உருளையில் கழுவுகின்றனர். ஜல்லியும் மணலும் தனித்தனியே வெளிவருகின்றன. இறுகுமுன் கழுவப்பட்டதால் அவற்றின்மேல் பழைய சிமென்ட் ஒட்டியிராது. ஆகவே அவை புதியவற்றைப் போலவே பயன்படும். எஞ்சும் சாம்பல் நிறக் குழம்பை ஒரு தொட்டியில் இடைவிடாது கலக்கி வைத்து, அடுத்த கலவைக்கு நீராகச் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றனர். குழம்பில் திடப்பொருள் மிகுந்தால் கலவை விரைவில் விறைக்கும், நீர்த்தேவையும் கூடும். இதனால் அதன் அடர்த்தியை அடிக்கடி அளக்கின்றனர். குழம்பு நீரின் வழியாகச் சேரும் திடப்பொருள், மணல் ஜல்லி மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படக்கூடாது என்பது ஐரோப்பியத் தரநிர்ணயம். ஒரு கன மீட்டரில் மணலும் ஜல்லியும் 1,800 கிலோகிராம் எனில், இந்த வரம்பு 18 கிலோகிராம் ஆகும்.

இரண்டாவது, உறக்க காலத்தை நீட்டித்தல். சில கரிமச் சேர்மங்கள் சிமென்ட் துகளின் மேற்பரப்பில் படிந்து, நீருடன் சேரும் மாற்றத்தை நிறுத்திவைக்கின்றன. இத்தகைய பொருள்கள் 1980களிலிருந்து வழக்கத்துக்கு வந்துள்ளன. மாலையில் திரும்பிய கலவையில் இதைச் சேர்த்து உறங்கவைத்து, மறுநாள் காலையில் புதிய கலவையை அதனுடன் சேர்க்கின்றனர். திரும்பி வந்த இறுகாத கான்கிரீட்டைப் புதிய கலவையில் பயன்படுத்துவதற்கென்றே அமெரிக்காவில் சி 1798 என்னும் தரநிர்ணயம் வெளியிடப்பட்டுள்ளது. மருந்தின் அளவு, கலவையின் வயது, வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவுசெய்து, பரிசோதனையுடன் செய்ய வேண்டிய முறை இது.

மூன்றாவது, உருண்டையாக்குதல். நீரை உறிஞ்சும் ஒருவகைப் பொடியைச் சேர்த்து உருளையைச் சுழற்றினால், கலவை சில நிமிடங்களில் உதிரியான பருக்கைகளாக மாறும். இவற்றைச் சில நாள் கிடத்தி வைத்தபின், ஜல்லியின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். இம்முறையில் கழுவும் நீரும் இல்லை, குழம்பும் இல்லை. இத்தாலியில் இது தொழில்முறையில் உருவாக்கப்பட்டது.

சிறு வேலைத்தலத்தில் செய்யத்தக்கவை

அகளி போன்ற ஊர்களில் பெரும்பாலான வேலை ஒரு மூட்டைக் கலவை இயந்திரத்தைக் கொண்டே நடைபெறுகிறது. அங்கே மேற்கூறிய இயந்திரங்கள் இல்லை. எனினும் அவற்றின் அடிப்படைக் கருத்தைச் சிறிய அளவில் கையாள எவ்விதத் தடையும் இல்லை.

முதற் கடமை, மிச்சமே வராமல் பார்த்துக்கொள்வது. மேற்கூறிய விகிதத்தில் ஒரு மூட்டை சிமென்ட் கொண்டு கலந்தால் சுமார் 0.125 கன மீட்டர் கான்கிரீட் கிடைக்கும். முன்பு கணக்கிட்ட 0.144 கன மீட்டர் மிச்சத்தில் பெரும்பகுதி, தேவையின்றிக் கலக்கப்பட்ட கடைசி ஒரு கலவையே என்பது இதனால் புலனாகும். தளத்தில் ஒரு சதுர மீட்டர் எஞ்சியிருக்கும்போதே வேலையை நிறுத்தி, மீதிப் பரப்பை அளந்து, அரை மூட்டை போதுமா என்று பார்த்தல் வேண்டும். ஒரு மூட்டை சிமென்ட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர். அந்த அளவில் செய்த மரப்பெட்டி இருந்தால் அரைக் கலவையையும் விகிதம் பிசகாமல் கலக்கலாம்.

இரண்டாவது, மிச்சத்துக்கு முன்கூட்டியே இடம் தேடி வைத்தல். தளம் போடும் நாளுக்கு முன்பே சாக்கடை மூடி, வேலிக்கால், நடைபாதைப் பலகை ஆகியவற்றுக்குரிய சில அச்சுகளை எண்ணெய் தடவித் தயாராக வைக்கலாம். எஞ்சியது முதற்பிடிப்புக்கு முன் அச்சில் விழுந்தால் அது மிச்சம் அன்று, பொருளாகும்.

மூன்றாவது, புதிய கலவையுடன் சேர்த்தல். வேலை இடையில் சிறிது தடைப்பட்டு, கலவை தகரத்தின்மீது நின்றுவிட்டால், நீர் சேர்க்காமல் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கரண்டியால் புரட்டியவுடன் மீண்டும் இளகிச் சேருமானால், அது இன்னும் உறக்க காலத்தில் உள்ளது. அதை அடுத்த கலவையுடன் இயந்திரத்தில் இட்டு நன்கு சுழற்றலாம். கட்டி கட்டியாக உடையுமானால் காலம் கடந்துவிட்டது. நிழலில் ஈரச்சாக்கால் மூடிவைத்தால் இந்த அவகாசம் சற்று நீளும். ஆயினும் தூண், உத்திரம், கூரைத்தளம் ஆகிய சுமை தாங்கும் உறுப்புகளில், பொறியாளரின் ஒப்புதல் இன்றிப் பழைய கலவையைச் சேர்க்கக்கூடாது. தரைக்கு அடியிடும் கான்கிரீட், மதிலின் அடிப்படுகை, நடைபாதை ஆகியவையே அதற்கு ஏற்ற இடங்கள்.

நான்காவது, கழுவி மீட்டல். கட்டியாகத் தொடங்கினாலும் இன்னும் கையால் உடையக்கூடிய நிலையில் இருந்தால், 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இட்டு, தொட்டி ஒன்றின்மேல் வைத்துச் சிக்கனமாக நீர்விட்டுக் கழுவலாம். ஜல்லி சல்லடையில் தங்கும். மணல் தொட்டியின் அடியில் படியும். பொறுக்கியெடுத்த ஜல்லியை மறுநாளே பயன்படுத்தலாம்.

ஐந்தாவது, முற்றும் இறுகிவிட்டதை உடைத்து ஜல்லியாக்குதல். இதற்கும் நம் நாட்டில் விதி உண்டு. 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட ஐ.எஸ். 383, கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற ஜல்லியை, கம்பியில்லாக் கான்கிரீட்டில் நூற்றுக்கு 25 பங்கு வரையும், எம் 25 தரத்துக்கு மேற்படாத கம்பிக் கான்கிரீட்டில் 20 பங்கு வரையும், எம் 15க்குக் குறைந்த மெலிந்த கலவையில் முழுமையாகவும் அனுமதிக்கிறது. உடைத்த துண்டுகளின்மேல் பழைய காரை ஒட்டியிருப்பதால் அவை மிகுதியாக நீரை உறிஞ்சும். ஆகையால் கலக்குமுன் அவற்றை நனைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வழிகளில் இதுவே கடைசியானது. முதல் நான்கிலும் சல்லடையும் கைவேலையும் போதும். இதற்கோ சம்மட்டியும் கூலியும் தேவை.

கழுவிய நீர்

சிமென்ட் நீருடன் சேரும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. இதனால் கழுவிய நீரின் பி.எச். எண் 12ஐ நெருங்கும். மீன்களும் நீர்ப்பூச்சிகளும் இத்தகைய காரத்தில் உயிர்வாழ இயலா. வெறுங்கையால் அளைவோரின் தோலையும் அது புண்ணாக்கும்.

இங்கே ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. ஓடைக்கு நஞ்சாகும் இந்தக் காரம் கான்கிரீட்டுக்குத் தீங்கு செய்வதில்லை. கான்கிரீட்டின் உட்புறமே காரமானது, அந்தக் காரமே கம்பியைத் துருவினின்று காக்கிறது. கலவை நீரின் பி.எச். எண் 6க்குக் குறையக்கூடாது என்பதே ஐ.எஸ். 456 இன் விதி. அதே தரநிர்ணயம், நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்கிறது. எனவே கழுவிய நீரை ஒரு பீப்பாயில் விட்டு, இரவு முழுவதும் தெளியவைத்து, மேலேயுள்ள தெளிந்த நீரை மட்டும் மறுநாள் கலவைக்கு எடுப்பது தகும். சந்தேகம் இருப்பின், அந்நீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் 150 மில்லிமீட்டர் கனசதுரங்கள் மும்மூன்று வார்த்து, 28ஆம் நாள் நொறுக்கிப் பார்க்க வேண்டும். முன்னதன் சராசரி வலிமை பின்னதில் நூற்றுக்கு 90 பங்குக்குக் குறையாதிருத்தல் அவசியம். அடியில் தங்கிய வண்டலை உலரவிட்டு, அடித்தளக் குழிகளை நிரப்பும் மண்ணுடன் சேர்க்கலாம்.

வகுப்பறையில் மூன்று பரிசோதனைகள்

ஆசிரியர்கள் இக்கருத்துகளை மாணவர்களுக்கு எளிதில் காட்டலாம். சிமென்ட்டை ஆசிரியரே, கையுறை அணிந்து கையாளுதல் வேண்டும்.

1. ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறு ஜல்லி, மணல், ஒரு கரண்டி சிமென்ட் ஆகியவற்றை நீருடன் இட்டு, மூடிக் குலுக்கி உடனே நிறுத்துக. ஜல்லி முதலிலும் மணல் அடுத்தும் படியும். சாம்பல் நிறக் குழம்பு நெடுநேரம் மிதக்கும். கழுவிப் பிரிக்கும் இயந்திரத்தின் தத்துவம் இதுவே.

2. அக்குப்பியின் தெளிந்த நீரில் சில துளிகளை மஞ்சள்தூள் பூசி உலர்த்திய தாளில் விடுக. மஞ்சள் நிறம் சிவந்துவிடும். குங்குமம் செய்வோர் மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ப்பதை மாணவர்கள் அறிவர். அதே மாற்றந்தான் இங்கும் நிகழ்கிறது. பார்வைக்குத் தெளிந்த நீர் தூய நீர் ஆகாது என்பது இதன் பாடம்.

3. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்க. இரு சிரட்டைகளில் தலா 100 கிராம் சிமென்ட் எடுத்து, ஒன்றில் 40 மில்லிலிட்டர் சாதாரண நீரும், மற்றதில் 40 மில்லிலிட்டர் சர்க்கரை நீரும் சேர்த்துக் குழைக்க. இரண்டாவதில் சேர்ந்த சர்க்கரை 0.2 கிராம் மட்டுமே. முதல் சிரட்டை மறுநாள் கல்லாகியிருக்க, இரண்டாவது இன்னும் விறைக்காதிருக்கும். இறுகுதல் என்பது உலர்தல் அன்று, தடுத்து நிறுத்தக்கூடிய ரசாயன மாற்றமே என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. ஆயினும் சர்க்கரையை வேலைத்தலத்தில் எவரும் கையாள முற்படக்கூடாது. சிமென்ட் எடையில் பத்தாயிரத்தில் 5 பங்கு சர்க்கரை, பிடிப்பை ஏறத்தாழ 4 மணி நேரம் தள்ளிப்போடும். அளவு சற்று மிஞ்சினால் ஒரு தளம் முழுவதுமே இறுகாமல் போகலாம்.

ஒரு கிலோகிராம் சிமென்ட் கிளிங்கர் சூளையில் உண்டாகும்போது 800 முதல் 900 கிராம் வரை கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே வீணாகாமல் காக்கப்படும் ஒவ்வொரு மூட்டையும் சுண்ணாம்புக் கல்லையும் எரிபொருளையும் காற்றின் தூய்மையையும் சேர்த்துக் காக்கிறது. இதற்குப் பெரிய முதலீடு வேண்டுவதில்லை. 35 லிட்டர் பெட்டி ஒன்று, அச்சுகள் சில, 4.75 மில்லிமீட்டர் சல்லடை ஒன்று, பீப்பாய்கள் இரண்டு ஆகியவையே போதும். தளம் போடும் நாளன்று காலையில் இவை தலத்தில் உள்ளனவா என்று களப்பணியாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் பார்த்தால் காலம் கடந்திருக்கும்.